கோடு அப்புறம், காசு முதல்ல: தனி ஆளா சாஃப்ட்வேர் பிசினஸ் ஆரம்பிக்க முழு வழிகாட்டி

என்னோட முதல் ப்ராடக்ட் அபார்ட்மெண்ட் மெயிண்டனன்ஸ் கலெக்‌ஷனுக்கான ஒரு ஆப். 7 மாசம், டெய்லி ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி 1 மணி வரைக்கும் உக்காந்து கட்டினேன். காட்டின கிட்டத்தட்ட எல்லாரும் "சூப்பர்ங்க, நல்லா பண்ணிருக்கீங்க"ன்னு சொன்னாங்க, என் சொந்த ஃப்ளாட் அசோசியேஷன் செக்ரட்டரி கூட சொன்னார். ஒருத்தர் கூட வாங்கல, செக்ரட்டரி இன்னமும் நோட்டுலதான் எழுதறார்.

ரெண்டாவது ப்ராடக்ட்டுக்கு ஒரு வரி கோடு எழுதறதுக்கு முன்னாடியே 3 பேர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன். அதுதான் இன்னிக்கு சோறு போடுது. இடையில என்ன மாத்தினேன்கறத படிப்படியா எழுதறேன். எல்லாம் திருப்பூர் உதாரணமாத்தான் வரும், எனக்குத் தெரிஞ்ச மார்க்கெட் அது ஒண்ணுதான். உங்க ஊர்ல அரிசி மில்லோ, லேத் பட்டறையோ, ஸ்கேன் சென்டரோ இருந்தா அத வச்சு யோசிச்சுக்கங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: கையில என்ன இருக்கு

இப்படி தனியா ஆரம்பிக்கறத பூட்ஸ்ட்ராப்னு சொல்வாங்க, அதாவது வெளிய யார்கிட்டயும் முதலீடு வாங்காம, உங்க சேமிப்பு, அப்புறம் கஸ்டமர் குடுக்கற காசு, இந்த ரெண்ட வச்சே ஓட்டறது. இந்த பேச்சு எடுத்தாலே எல்லாரும் சோஹோ சாஃப்ட்வேர் கம்பெனிய காட்டுவாங்க, 1996ல அட்வெண்ட்நெட்னு ஆரம்பிச்சு வெளி முதலீடு இல்லாமலே வளந்தாங்க, உண்மைதான். ஆனா அது ஆரம்பத்துலயே ஒரு டீம். தனி ஆள் அந்த கணக்கப் பாத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல.

உங்க கணக்கு வீட்டுச் செலவுல இருந்து ஆரம்பிக்குது. வாடகை, இஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் சேத்து எனக்கு மாசம் 45,000 தேவைப்பட்டுச்சு. அப்ப வருஷத்துக்கு 5,40,000. ஒரு கஸ்டமர் வருஷத்துக்கு 9,000 குடுத்தா 60 கஸ்டமர், சர்வர் மத்த செலவெல்லாம் சேத்தா 65ன்னு வச்சுக்கங்க. இந்த நம்பர பேப்பர்ல எழுதினதுமே பாதி பயம் போயிடுச்சு. லட்சம் யூசர் தேவையில்ல, 65 கம்பெனி முதலாளிங்க போதும், அவங்கள பஸ்ல போயே பாத்துடலாம்.

இன்னொண்ணு, வேலைல இருந்துக்கிட்டே பண்றீங்கன்னா ஆஃபர் லெட்டரோட குடுத்த அக்ரிமெண்ட எடுத்து படிங்க. நீங்க வேலைல இருக்கறப்ப எழுதற எதுவா இருந்தாலும் கம்பெனிக்கே சொந்தம்னு சிலதுல இருக்கும். ஆபீஸ் லேப்டாப்புல ஒரு ஃபைல் கூட திறக்காதீங்க.

படி 1: ஐடியாவ விட்டுட்டு ஆள தேடுங்க

"என்ன ஐடியா"ன்னு யோசிச்சா அபார்ட்மெண்ட் ஆப் மாதிரிதான் வரும். யாரோட பிரச்சனைனு யோசிங்க. நான் வச்சுக்கிட்ட கேள்வி மூணு. அந்தத் தொழில்ல 20 பேர இந்த மாசத்துக்குள்ள என்னால நேர்ல பாக்க முடியுமா? அந்தப் பிரச்சனை வாரா வாரம் வருதா, இல்ல வருஷத்துல ஒரு தடவையா? அதுக்காக ஏற்கனவே ஆள் வச்சோ காசு செலவு பண்ணியோ சமாளிச்சுக்கிட்டு இருக்காங்களா? மூணாவதுதான் முக்கியம். யாரும் ஒரு ரூபா செலவு பண்ணாத பிரச்சனைக்கு நீங்க போய் பில் போட முடியாது.

எங்க சித்தப்பா திருப்பூர்ல பவர் டேபிள் வச்சிருந்தார், அதாவது தையல் ஜாப்வொர்க், வேற கம்பெனி சரக்க கூலிக்கு தைச்சு குடுக்கறது. பனியன் கம்பெனின்னா எல்லா வேலையும் ஒரே கூரைக்குள்ள நடக்கும்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க, அப்படி இல்ல. நூல் வாங்கி துணியா பின்ன நிட்டிங்குக்கு போகும், அங்கருந்து சாயம் போட டையிங், அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், இதுல பாதிக்கு மேல வெளிய ஜாப்வொர்க்தான். ஒவ்வொரு தடவ சரக்கு வெளிய போறப்பவும் ஒரு டிசி, அதான் டெலிவரி சலான். ஜிஎஸ்டி ரூல்படி அதுல மூணு காப்பி போடணும், குடுத்த சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வரணும், இல்லன்னா குடுத்த அன்னிக்கே வித்த மாதிரி கணக்காயிடும். இதெல்லாத்தையும் ஒரு சூப்பர்வைசர் ஒரு நீள நோட்டுல எழுதிக்கிட்டு இருப்பார், அவரு லீவு போட்டா சரக்கு எங்க இருக்குன்னு முதலாளிக்கே தெரியாது. 20 பேரும் கிடைப்பாங்க, டெய்லி நடக்குது, அதுக்குன்னு சம்பளத்துக்கு ஆளும் இருக்கு.

படி 2: 20 பேர்கிட்ட பேசுங்க, ஆனா உங்க ஐடியாவ சொல்லாதீங்க

இந்த படிலதான் நான் ரொம்ப நாள் இருந்தேன், நீங்களும் இருக்கணும். போய் உக்காந்ததும் "இப்படி ஒரு சாஃப்ட்வேர் இருந்தா யூஸ் பண்ணுவீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க, வீடு தேடி வந்தவன ஏன் நோகடிக்கணும்னு. அதனால நடந்தத மட்டும் கேளுங்க. கடைசியா எப்ப சரக்கு கணக்கு ஒத்து வரல? அன்னிக்கு என்ன பண்ணீங்க? எவ்ளோ நேரம் போச்சு? காசா எவ்ளோ போச்சு? இதுக்கு முன்னாடி ஏதாவது சாஃப்ட்வேர் வாங்கி பாத்தீங்களா, ஏன் விட்டீங்க?

அந்தக் கடைசி கேள்வி தங்கம். நாலு பேர் ஏற்கனவே பெரிய இஆர்பி, அதாவது கம்பெனி முழுக்க கணக்கு பாக்கற சாஃப்ட்வேர், வாங்கி மூலைல போட்டு வச்சிருந்தாங்க. காரணமா நாலு பேரும் சொன்னது ஒண்ணேதான்: ஒரு டிசி போடறதுக்கு ஏகப்பட்ட கட்டம் நிரப்பணும், வண்டிக்காரர் வாசல்ல ஹாரன் அடிச்சுக்கிட்டு நிப்பார்.

பேசி முடிச்சதும் "அந்த நோட்ட ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாங்களா"ன்னு கேளுங்க. நோட்ட குடுக்கறவருக்கு உண்மையிலேயே வலிக்குது, உள்ள எடுத்து வச்சுக்கறவருக்கு அவ்வளவா வலிக்கலன்னு ஒரு கணக்கு நானே வச்சுக்கிட்டேன், பெரும்பாலும் சரியா இருந்துச்சு. அந்த நோட்டுல அவங்க போட்டிருக்கற கட்டங்கள்தான் பின்னாடி உங்க ஸ்கிரீனாவும் வரும்.

எப்ப போறதுன்னு ஒரு வார்த்தை. சனிக்கிழமை போகாதீங்க, வாரச் சம்பள நாள், முதலாளி மூஞ்சிய பாக்கவே முடியாது. தீபாவளிக்கு முந்தின ஒரு மாசமும் அப்படித்தான், முடிஞ்சப்புறம் ஆளுங்க ஊர்ல இருந்து திரும்பற வரைக்கும் கம்பெனியே காலியா கிடக்கும். செவ்வாய் புதன் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எனக்கு ஒத்து வந்துச்சு.

அப்புறம் கொங்கு பக்கம் வியாபாரம் பண்றவங்க கத்துக்க வேண்டிய ஒரு அகராதி இருக்கு. "பாக்கலாங்க"ன்னா வேண்டாம். "நல்லாருக்குங்க, அடுத்த மாசம் பண்ணிக்கலாங்க"ன்னா நிச்சயமா வேண்டாம். "எங்க மச்சான்கிட்ட சொல்றேங்க"ன்னா அவருக்கும் சேத்து வேண்டாம். ஆனா "இதுல லாஸ் (வேலைல குறையற துணி எடை) எப்படிங்க காட்டுவீங்க?"ன்னு குறுக்க கேள்வி கேட்டாலோ, "இவ்ளோ ரேட்டா"ன்னு எகிறினாலோ, அவருதான் கஸ்டமர். இனிக்க இனிக்க பேசினவங்கள எழுதிக்கிட்டு, சண்டைக்கு வந்தவங்கள விட்டதுதான் என் முதல் ப்ராடக்ட் கதை.

படி 3: கையால செஞ்சு பாருங்க

20 பேர்ல 5 பேர்கிட்ட இப்படி சொன்னேன்: டெய்லி சாயந்தரம் நோட்டு பக்கத்த ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புங்க, காலைல எந்த ஜாப்வொர்க்கர்கிட்ட எவ்ளோ சரக்கு நிக்குதுன்னு ஒரு லிஸ்ட் அனுப்பறேன். பின்னாடி இருந்தது வெறும் எக்ஸெல், ராத்திரி 9 மணிக்கு உக்காந்து நானே டைப் பண்ணேன். சாஃப்ட்வேர்னு ஒண்ணும் கிடையாது. 11 நாள்ல 2 பேர் ஃபோட்டோ அனுப்பறத நிறுத்திட்டாங்க, 3 பேர் ஒரு நாள் லிஸ்ட் லேட்டானா போன் பண்ணி திட்டினாங்க. திட்டு விழுந்தப்பதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

இதுல கிடைச்ச பெரிய லாபம் என்னன்னா, நான் நினைச்ச பிரச்சனை தப்புன்னு தெரிஞ்சது. ஜாப்வொர்க்குக்கு போன சரக்குக்கான ஜிஎஸ்டி ஃபார்ம், ஐடிசி-04, அத ஃபைல் பண்றதுதான் தலைவலின்னு நினைச்சு அத வச்சே விக்கலாம்னு இருந்தேன். அது 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கறவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, அதுக்குக் கீழ இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவ, அதையும் ஆடிட்டர் பாத்துக்கறார், முதலாளிக்கு அதுல ஒரு கவலையும் இல்ல. அவருக்குத் தூக்கம் கெடறது லாஸ்ல. 500 கிலோ துணி டையிங்குக்கு போகுது, 5 சதவீதம் லாஸ்னு பேசியிருந்தா 475 திரும்ப வரணும், வந்தது 462. அந்த 13 கிலோ யார் கணக்கு? பில் வர்றப்ப மூணு வாரம் ஆயிருக்கும், டிசிய தேடி எடுக்கறதுக்குள்ள "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க"ன்னு முடிஞ்சிடும். வந்த அன்னிக்கே அந்த 13 கிலோவ சிவப்புல காட்டின எக்ஸெல் வரிக்குத்தான் அவங்க காசு குடுத்தாங்க. முதல்லயே கோடு எழுத உக்காந்திருந்தா 7 மாசம் ஐடிசி-04 ஸ்கிரீன் கட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

படி 4: காச கேளுங்க

கூச்சமாத்தான் இருக்கும், எனக்கு கை நடுங்குச்சு. சொன்னது இதுதான்: "அண்ணா, இத சாஃப்ட்வேரா பண்றேன், 2 மாசம் ஆகும், வருஷத்துக்கு 9,000. இப்ப 3,000 அட்வான்ஸ் குடுங்க, 2 மாசத்துல நான் குடுக்கலன்னா திருப்பி வாங்கிக்கங்க, அதுவரைக்கும் இந்த லிஸ்ட் தொடர்ந்து வரும்." திருப்பித் தர்றத ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்தும் போட்டேன். 3 பேரும் குடுத்தாங்க, ஒருத்தர் மட்டும் 9,000த்த 7,500 ஆக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேசிட்டு கடைசில 9,000க்கே ஒத்துக்கிட்டார்.

வெளிநாட்டு கஸ்டமருக்கு ஆன்லைன்ல விக்கறீங்கன்னா இதே வேலைய ஒரு வெப் பேஜ் செய்யும். 2010ல பஃபர்ங்கற சோஷியல் மீடியா போஸ்ட் ஷெட்யூல் பண்ற ஆப் ஆரம்பிச்ச ஜோயல் காஸ்காய்ன் முதல்ல ப்ராடக்ட்ட விளக்கி ஒரு பேஜ் போட்டார், பட்டன அழுத்தினா "இன்னும் ரெடியாகல, மெயில் ஐடி குடுங்க"ன்னு வரும். அப்புறம் நடுவுல ரேட் போட்ட ஒரு பேஜ சொருகி, ரேட்ட பாத்துட்டும் எத்தன பேர் க்ளிக் பண்றாங்கன்னு பாத்தார். அதுக்கப்புறம்தான் கட்டவே உக்காந்தார். திருப்பூர் முதலாளி வெப் பேஜ் எல்லாம் பாக்க மாட்டார், அதான் பஸ்.

ரேட் எப்படி வைக்கறதுன்னா, உங்க சர்வர் செலவ வச்சு யோசிக்காதீங்க, அவங்க விடற காச வச்சு யோசிங்க. மாசத்துல ஒரு 13 கிலோ தகராறு தீந்தாலே அவருக்கு 9,000 வந்துடும். நான் முதல்ல மாசம் 199ன்னு வைக்கப் பாத்தேன், அப்படின்னா 45,000க்கு 227 கஸ்டமர் வேணும், ஒரு ஆளா அத்தன பேர் போன எடுக்க முடியாது. கம்மி ரேட்டுக்கு வர்றவங்கதான் அதிகமா போன் பண்றாங்கங்கறது நான் அனுபவிச்சது.

நிறுத்தற ரூல முன்னாடியே எழுதி வச்சுக்கங்க. என்னுது: 6 வாரம், 20 பேர், 3 அட்வான்ஸ். வரலன்னா வேற மார்க்கெட். ஒருத்தர் மட்டும் குடுத்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அவருக்கும் மத்த 19 பேருக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க, அவர மாதிரியே இன்னும் 10 பேர தேடுங்க. கிடைக்கலன்னா அவரோட காச திருப்பி குடுத்துடுங்க, ஒருத்தருக்காக கட்டினா அது ப்ராஜெக்ட் வேலை ஆயிடும்.

படி 5: இப்ப கட்டுங்க

இத வேகமா சொல்லிடறேன். உங்களுக்கு எது தூக்கத்துல கூட எழுத வருமோ அதுலயே எழுதுங்க. என்னுது ஜாங்கோ (பைத்தான்ல வெப் ஆப் எழுதறது), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), ஒரே ஒரு சின்ன சர்வர். மைக்ரோ சர்வீஸ், குபர்னெட்டிஸ் மாதிரி பெரிய டீமுக்கான ஏற்பாடெல்லாம் ஆபீஸோட விட்டுட்டு வாங்க. முதல் வெர்ஷன்ல மூணு ஸ்கிரீன்தான்: சரக்கு வெளிய போச்சு, உள்ள வந்துச்சு, யார்கிட்ட எவ்ளோ நிக்குது. டிசி போட நாலு கட்டம், அந்த ஹாரன் ஞாபகம் இருந்ததால.

மொபைல் ஆப் கட்டல, ப்ரௌசர்லயே ஓடுது. ஆனா "டாலில போகுமாங்க?"ன்னு முதல் நாளே எல்லாரும் கேட்டாங்க, டாலிங்கறது அவங்க கணக்கு எழுதற சாஃப்ட்வேர், தமிழ்நாட்டுல சின்ன கம்பெனிகளுக்கு விக்கறதுன்னா டாலிக்கு எக்ஸ்போர்ட் இல்லாம ஆடிட்டர தாண்ட முடியாது, அத முதல்லயே பண்ணிடுங்க. பாஷை விஷயத்துல நான் ஒரு கூத்து பண்ணேன். எல்லாத்தையும் தமிழ்ல போடறேன்னு டிசிக்கு "விநியோகச் சீட்டு"ன்னு போட்டேன், சூப்பர்வைசர் என்ன பாத்து "இது ரேஷனுங்களா?"ன்னு கேட்டார். அவங்க வாய்ல என்ன வார்த்தை வருதோ அதயே தமிழ் எழுத்துல போடுங்க, டிசி டிசிதான்.

பேக்கப் எடுத்தா போதாது, அத திரும்ப ஏத்தி பாருங்க. ரெண்டு மாசமா டெய்லி ஓடின என் பேக்கப் ஸ்கிரிப்ட் காலி ஃபைல எடுத்து வச்சுக்கிட்டு இருந்தது ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா செக் பண்ணப்பதான் தெரிஞ்சது. சர்வர் அந்த ரெண்டு மாசத்துல போயிருந்தா இந்த வழிகாட்டிய எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

படி 6: 3ல இருந்து 30க்கு

கட்டினதும் வந்துடுவாங்கன்னு நினைச்சு கூகுள் விளம்பரத்துல 8,000 போட்டேன், வந்த போன் எல்லாம் வேலை கேட்டு வந்த போன். ப்ளாகர்களுக்கான ஈமெயில் சாஃப்ட்வேர் கன்வெர்ட்கிட்டோட கதை அப்பதான் ஞாபகம் வந்துச்சு. நேதன் பாரி 2013 ஜனவரில, ஆறு மாசத்துல மாசம் 5,000 டாலர் வருமானம்னு ஊரறிய சவால் விட்டு ஆரம்பிச்சார், அந்த இலக்க தொடல, அப்புறமும் ரொம்ப நாள் அப்படியே நின்னுச்சு. மாறினது எப்பன்னா, அவரே உக்காந்து ஒவ்வொரு ப்ளாகருக்கா மெயில் அனுப்பி, "மாறறது பெரிய வேலை"ன்னு சொன்னவங்களுக்கு "அத நாங்களே இலவசமா மாத்தித் தர்றோம்"னு சொன்னப்ப.

திருப்பூர்லயும் அதே தடைதான். "நல்லாருக்கு, ஆனா இப்ப வெளிய நிக்கற சரக்கெல்லாம் யாருங்க ஏத்தறது?" நான் ஏத்தறேன்னேன். ஞாயித்துக்கிழமை போய், நோட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு, அன்னிக்கு இருந்த நிலவரம் முழுக்க ஏத்திட்டு, திங்கக்கிழமை காலைல முதல் டிசி போடறப்ப சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னேன். சூப்பர்வைசர மட்டும் சாதாரணமா நினைச்சுடாதீங்க, காசு குடுக்கறது முதலாளியா இருந்தாலும் உங்கள தூக்கி எறியறது அவருதான். இது வந்தா தன் வேலை போயிடும்னு அவருக்கு ஒரு பயம் இருக்கும். லாஸ் தகராறுல முதலாளி அவர திட்டறப்ப இந்த ஸ்கிரீன காட்டி தப்பிச்சுக்கலாம்னு புரிஞ்சா போதும், அப்புறம் அவரே பக்கத்து கம்பெனிக்கு சொல்வார்.

அடுத்தது, யார் ஏற்கனவே 50 கம்பெனிக்குள்ள போய் வந்துக்கிட்டு இருக்காங்கன்னு பாருங்க. எனக்கு டாலி சர்வீஸ் பண்ற ஒருத்தர் கிடைச்சார், ஒரு கஸ்டமருக்கு முதல் வருஷக் காசுல 20 சதவீதம். பாதி கஸ்டமர் அவரால வந்தவங்க.

படி 7: பேப்பர் வேலை

தனி ஆளா இருக்கறப்ப ப்ரொப்ரைட்டர்ஷிப், அதாவது உங்க பேர்லயே நடத்தற பிசினஸ், போதும். உத்யம்ங்கற சிறு தொழில் ரிஜிஸ்ட்ரேஷன் இலவசம், அத வச்சு கரண்ட் அக்கவுண்ட் திறக்கலாம். பிரைவேட் லிமிடெட் போட்டா வருமானமே இல்லன்னாலும் வருஷா வருஷம் ஆடிட் பண்ணியே ஆகணும், அந்தச் செலவு ஆரம்பத்துல தேவையா? நம்ம ஊர்ல சர்வீஸ் விக்கறவங்களுக்கு வருஷம் 20 லட்சம் தாண்டினாதான் ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம். முன்னாடியே எடுத்தா 18 சதவீதம் போட்டு பில் குடுக்கலாம், ஆனா ஒரு பில்லும் போடலன்னாலும் ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும். உங்க கேஸுக்கு எதுன்னு ஒரு ஆடிட்டர்கிட்ட ஒரு தடவ கேட்டுக்கங்க.

காசு வாங்கறதுல, மாசா மாசம் கார்டுல தானா எடுக்கறத நம்பாதீங்க. 2021 அக்டோபர்ல இருந்து தானா காசு எடுக்க கஸ்டமர் குடுக்கற அனுமதிக்கு ரிசர்வ் பேங்க்கோட இ-மேண்டேட் ரூல் இருக்கு, முன்கூட்டியே அறிவிப்பு போகணும், அத பாத்து கஸ்டமர் நிறுத்திடவும் செய்வார். வருஷத்துக்கு ஒரு தடவ யுபிஐலயோ நெஃப்ட்லயோ வாங்கிடுங்க. ஆன்லைன்ல காசு வாங்கித் தர்ற பேமெண்ட் கேட்வே வழியா வந்தா பொதுவா 2 சதவீதமும் அதுக்கு ஜிஎஸ்டியும் போகும், 9,000ல சுமார் 212 ரூபா.

படி 8: ஓட்டைய அளங்க, வேலைய விடறத அப்புறம் பாக்கலாம்

மாசம் 4 கஸ்டமர் சேக்கறீங்க, மாசா மாசம் இருக்கறவங்கள்ல 5 சதவீதம் பேர் போறாங்கன்னு வச்சுக்கங்க. 4ஐ 0.05ஆல வகுத்தா 80. அதுக்கு மேல நீங்க வளரவே முடியாது, 80ல 4 பேர் போவாங்க, 4 பேர் வருவாங்க. போறவங்கள 2 சதவீதம் ஆக்கினா அதே உழைப்புக்கு உச்சம் 200. அதனால புது ஃபீச்சர விட, 10 நாளா டிசி போடாத கம்பெனி லிஸ்ட்ட திங்கக்கிழமை காலைல எடுத்து போன் பண்றதுதான் பெரிய வேலை. பெரும்பாலும் சூப்பர்வைசர் மாறியிருப்பார், புதுசா வந்தவர் நோட்டுக்கு போயிருப்பார்.

நான் வேலைய விட்டது 41 கஸ்டமர்ல. 65 வரலதான், ஆனா கையில ஒரு வருஷ வீட்டுச் செலவு இருந்துச்சு, முதல் 15 பேர்ல 13 பேர் ரெண்டாவது வருஷமும் காசு கட்டியிருந்தாங்க. அந்த 13தான் வீட்ல காட்டின நம்பர்.

அந்த ரினியூவல்ல நான் பட்ட பாடு ஒண்ணு. ஆரம்பத்துல சேந்த பல பேரோட ஒரு வருஷம் செப்டம்பர், அக்டோபர்ல முடிஞ்சுது, போனஸ் குடுக்கற நேரம், யார்கிட்டயும் பைசா பெயராது, "தீபாவளி போகட்டுங்க"ன்னாங்க, தீபாவளி போச்சு, காசு ஜனவரிலதான் வந்துச்சு. அடுத்த வருஷம் அவங்க எல்லாருக்கும் எட்டு ஒன்பது மாசம் இலவசமா குடுத்து தேதிய ஜூனுக்கு மாத்திட்டேன். அத்தன மாசம் விட்டது நஷ்டம்தான், இப்ப ஜூன்ல போன் பண்ணா ரெண்டு நாள்ல ஜிபேல வந்துடுது.